பாடும் சீட்டும்

பலர் விரும்பும் பொருள் ஒன்றே ஆயின், அதனை யார் முதலில் பெறுவது என்னும் வினா எழும். வலியவர் பெறுவது என்று விட்டுவிட்டால் அங்கே பூசல் தோன்றும். பெரியவர் ஒருவர் தம் விருப்பப்படி பகுத்துக் கொடுத்தால் நடுநிலை பற்றிய ஐயம் தோன்றும். இவ்விரண்டுக்கும் இடமின்றி மக்கள் கண்ட வழிகளுள் ஒன்று சீட்டுப் போடுதல். காயலில் வலை கட்டும் மீனவர் தம் பிழைப்புக்கு அதனைக் கைக்கொண்டனர். வெண்கோடிட்ட களத்தில் வலையின் இருபுறமும் நின்று பந்தாடும் கல்லூரி மாணவர் தம் போட்டிக்கு அதனைக் கைக்கொண்டனர். சீட்டு என்பது யாது, அது எதனைத் தரும், எதனைத் தராது என்பவற்றை இவ்விரு களங்களையும் கொண்டு ஆராய்வோம்.

சென்னை மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலை ஒட்டிப் பரந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. ஏரி என்று வழங்கினும், இஃது ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் உவர்நீர்க் காயலாகும். இந்திய நாட்டின் உவர்நீர்க் காயல்களுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பரப்புடையது இதுவே. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் இதில் வந்து கலக்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு, காயலுக்கும் கடலுக்கும் இடையே நீண்டதொரு வரப்பினைப் போல அமைந்துள்ளது. பரப்பின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது; தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் உளது. இத்தென்கரையில் குப்பம் என்று பெயர் பெற்ற மீனவர் ஊர்கள் பல உள.

காயலில் மீன் எங்கும் ஒரே அளவாகக் கிடைப்பதில்லை. இறாலின் வாழ்க்கையே இதற்குத் தக்க சான்று. இறால் கடலில் முட்டையிடும். அம்முட்டையிலிருந்து தோன்றும் நுண்ணிய குஞ்சுகள், கடல் நீர் ஏறும்போது முகத்துவாரத்தின் வழியே காயலுக்குள் புகும். அமைதியான ஆழமற்ற நீரில் இரைதேடி வளர்ந்தபின், நீர் வடியும்போது அதே வழியாகக் கடலுக்குத் திரும்பும். ஆதலின் முகத்துவாரத்தை அடுத்த நீரோட்டத்தில் கழிகளை ஊன்றி வலை கட்டுவோர்க்கு இறால் மிகுதியாகக் கிடைக்கும். உள்ளே தொலைவில் வலை விரிப்போர்க்குக் குறைவாகவே கிடைக்கும். நல்ல இடங்களோ சில. அவற்றை நாடுவோரோ பலர். ஒவ்வொருவரும் தம் விருப்பம்போல் வலை கட்டத் தொடங்கினால், ஒருவர் வலை மற்றொருவர் வலையை மறைக்கும், பூசல் விளையும், ஒருவருக்கும் பயன் கிட்டாது.

இவ்விடர் நேராமற் காப்பதற்குப் பழவேற்காட்டு மீனவர் மேற்கொண்ட ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். வலை கட்டுதற்குரிய இடமும் பாடு. அவ்விடத்தில் வலை கட்டும் முறையும் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் முதலிய ஊர்களில் இம்முறை வழிவழியாக இருந்து வருகின்றது. உரிமையுடையோர் ஊர்ப் பெரியோர் முன்னிலையில் கூடுவர், சீட்டுப் போடுவர். எவருக்கு எந்த இடம், எந்த முறை என்பது அவ்வாறு முடிவாகும். நல்ல இடம் பெற்றவர் அதனைத் தமக்கே உரியதாக வைத்துக்கொள்ள இயலாது. முறை சுழன்று வரும்; இன்று ஓரிடம், மற்றொரு நாள் வேறிடம் என்று யாவரும் நல்ல இடத்தையும் எளிய இடத்தையும் மாறி மாறிப் பெறுவர். இலங்கையில் நீர்கொழும்புக் காயலிலும் கழி ஊன்றி வலை கட்டும் மீனவரிடையே சீட்டுப் போட்டு இடம் வகுக்கும் வழக்கம் உண்டு. கடல் கடந்தும் ஒத்த தொழிலினர் ஒத்த வழியைக் கண்டிருத்தல் எண்ணத்தக்கது.

பாடு என்னும் சொல்லின் நயத்தை ஈண்டு நோக்குதல் வேண்டும். மீனவர்க்குப் பாடு என்பது இடமும் முறையும் ஆகும். ஏனையோர் வழக்கில் பாடு என்பது உழைப்பைக் குறிக்கும். 'பாடுபட்டுத் தேடிய பொருள்' என்கிறோம். துன்பத்தையும் அச்சொல் குறிக்கும். 'அவர் பாடு பெரும்பாடு' என்கிறோம். ஒரு சொல்லில் இடமும் உழைப்பும் ஒருங்கே அமைந்திருக்கின்றன. சீட்டினால் கிடைக்கும் பாடு முதலாவது. அவ்விடத்தில் இரவெல்லாம் விழித்து, கழுத்தளவு நீரில் கழி ஊன்றி, வலையின் கிழிசலைத் தைத்து, நீர் வடியும் வேளை அறிந்து வலை கட்டுதல் இரண்டாவது. முதற் பாட்டைச் சீட்டு அளிக்கும். இரண்டாம் பாட்டை எச்சீட்டும் அளிக்காது.

இனிக் காயற்கரையை விட்டுக் கல்லூரிகளின் ஆடுகளத்துக்குச் செல்வோம். டென்னிஸ் ஆட்டம் யாவரும் அறிந்ததே. களத்தின் நீளம் 78 அடி. ஒற்றையர் ஆட்டத்திற்கு அகலம் 27 அடி. இரட்டையர் ஆட்டத்திற்கு 36 அடி. குறுக்கே கட்டிய வலை நடுவில் மூன்று அடி உயரமாகவும் இருமருங்கிலும் மூன்றரை அடி உயரமாகவும் இருக்கும். எதிரி திருப்பி அடிக்க இயலாதவாறு பந்தை வலையின் மேலாக அவர் பக்கத்துக் கோட்டுக்குள் வீழ்த்துதலே ஆட்டம். புள்ளிகள் சேர்ந்து 'கேம்' ஆகும். கேம்கள் சேர்ந்து 'செட்' ஆகும். ஆறு கேம்களைக் குறைந்தது இரண்டு கேம் வேறுபாட்டில் முதலில் வென்றவர் அந்த செட்டை வென்றவர் ஆவர். முற்காலத்தில் அவ்வேறுபாடு கிட்டும்வரை செட் நீண்டுகொண்டே செல்லும். பிற்காலத்தில் ஆறுக்கு ஆறு என்று சமநிலை வந்தால் 'டைபிரேக்கர்' என்னும் குறுகிய முறையால் முடிவு காண்கின்றனர்.

டென்னிஸைத் தனியொருவர் ஆட்டம் என்றே பலர் கருதுவர். கல்லூரிகளில் அஃது அணியின் ஆட்டமும் ஆகும். ஓர் அணியில் மூவரோ நால்வரோ இருப்பர். இரண்டு அணிகள் எதிர்ப்படும்போது ஒற்றையர் ஆட்டங்கள் சிலவும், இருவர் சேர்ந்தாடும் இரட்டையர் ஆட்டம் ஒன்றும் நிகழும். மிகுதியான ஆட்டங்களை வென்ற அணி வென்றதாகும். இம்முறையில் ஒருவர் தோற்றாலும் அணி தோற்றுவிடாது. ஒருவர் எவ்வளவு சிறந்தவராயினும் அவர் ஒருவராலேயே அணி வென்றுவிடாது. தம் ஆட்டம் முடிந்தவர் களத்தின் ஓரத்தில் அமர்ந்து தோழர் ஆட்டத்தை நோக்கும்போது அடையும் தவிப்பு, தம் ஆட்டத்தில் அடைந்ததினும் பெரிதாக இருப்பதுண்டு.

கல்லூரி அணி ஒன்றிலிருந்தே உலகப் பெரும்போட்டி ஒன்று தோன்றியது என்றால் அணியின் சிறப்பு விளங்கும். அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஆடிய டுவைட் டேவிஸ் என்னும் மாணவர், நாடுகள் அணி அணியாக எதிர்நின்று ஆடும் போட்டி ஒன்று வேண்டும் என்று எண்ணினார். வெள்ளிக் கிண்ணம் ஒன்றையும் செய்தளித்தார். 1900ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் அமெரிக்க அணியும் பிரித்தானிய அணியும் முதன்முதல் மோதின. அமெரிக்க அணியில் ஆடிய மூவரும் ஹார்வர்டில் பயின்றவரே. அப்போட்டியே இன்று டேவிஸ் கோப்பை என வழங்குகின்றது. நான்கு ஒற்றையர் ஆட்டங்களும் ஓர் இரட்டையர் ஆட்டமும் என ஐந்து ஆட்டங்களில் வெற்றியை அறுதியிடுதல் அதன் நெடுநாள் மரபாக இருந்தது.

கல்வியாண்டு தொடங்கிய சில கிழமைகளில் கல்லூரி அணிகள் பருவத்தின் முதற்போட்டிகளில் இறங்கும். சென்ற ஆண்டில் ஆடியவருள் சிலர் படிப்பை முடித்துச் சென்றிருப்பர்; புதியவர் சிலர் வந்திருப்பர். இருவராய் ஆடுவோர் ஒருவரையொருவர் இன்னும் நன்கு அறிந்திரார். பந்து இருவருக்கும் நடுவே வரும்போது 'நீர் அடிப்பீர்' என்று ஒருவரும், 'நீரே அடிப்பீர்' என்று மற்றவரும் வாளா நின்று புள்ளியை இழப்பதும் உண்டு. யார் எவ்விடத்திற்கு ஏற்றவர், யாருடன் யார் ஒத்து ஆடுவர் என்பவற்றை ஆசிரியர் கண்டறிதற்கு இம்முதற்போட்டிகளே கருவியாகும். கோப்பை ஒருபுறம் இருக்க, அணியைத் தனக்கே அறிமுகம் செய்து வைத்தல் முதற்போட்டியின் பயனாகும்.

இத்தகைய போட்டிக்குப் பல அணிகள் வந்துவிட்டன என்று கொள்வோம். எந்த அணி எந்த அணியை எதிர்த்து ஆடுவது? இங்கேதான் சீட்டு வருகின்றது. தோற்றவர் உடனே விலகும் முறையில், ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி நீங்கும். இறுதியில் ஒன்றே எஞ்சும். ஆகவே எத்தனை அணிகள் வந்துள்ளனவோ அதற்கு ஒன்று குறைவான ஆட்டங்கள் நிகழும். பதினாறு அணிகள் ஆயின் பதினைந்து ஆட்டங்கள். பதினாறு எட்டாகும், எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும்.

வருவன பதினொரு அணிகள் ஆயின் என்செய்வது? பதினொன்றைப் பாதி பாதியாகக் குறைக்க இயலாது. ஆதலின் பதினொன்றுக்கு மேல் உள்ள தக்க எண்ணாகிய பதினாறைக் கொள்வர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஐந்து. ஐந்து அணிகளுக்கு முதற்சுற்றில் எதிரி இல்லை. அவை ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் செல்லும். இதனை விளையாட்டு வழக்கில் 'பை' என்பர். எஞ்சிய ஆறு அணிகள் மூன்று ஆட்டங்கள் ஆடும். வென்ற மூன்றும் ஆடாது வந்த ஐந்தும் சேர்ந்து எட்டாகும். அதன்பின் கணக்கு நேராகச் செல்லும். ஆட்டங்களைக் கூட்டினால் மூன்று, நான்கு, இரண்டு, ஒன்று எனப் பத்தே வரும். இதுவும் பதினொன்றுக்கு ஒன்று குறைவே. மாணவர் வேறு எண்களைக் கொண்டும் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம்.

சீட்டு மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்தால் ஒரு குறை நேரும். பதினாறு அணிகளுள் மிகச் சிறந்தவை இரண்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் அணிக்கு ஓரிடம் கிடைத்தபின் எஞ்சியவை பதினைந்து இடங்கள். அவற்றுள் ஏழு இடங்கள் அதே பாதியில் உள்ளன. ஆகவே பதினைந்துக்கு ஏழு என்னும் அளவில், அஃதாவது ஏறத்தாழச் சரிபாதி அளவில், அவ்விரண்டு அணிகளும் ஒரே பாதியில் விழக்கூடும். விழுந்தால் இரண்டும் இறுதி ஆட்டத்துக்கு முன்னரே மோதும், ஒன்று வெளியேறும். இரண்டாம் இடத்துக்குரிய அணி முதற்சுற்றிலேயே மறைந்துபோதலும் கூடும்.

இதனை நீக்க ஒரு வழி வகுத்தனர். சிறந்த ஆட்டக்காரர் சிலரை முன்னரே வரிசைப்படுத்தி, அவர்களை ஒருவரை ஒருவர் தொடக்கத்தில் எதிர்ப்படாதவாறு தனித்தனிப் பகுதிகளில் வைப்பர். முதலாமவர் பட்டியலின் தலையில் நிற்பார். இரண்டாமவர் அடியில் நிற்பார். மூன்றாமவரும் நான்காமவரும் எந்தெந்தக் காற்பகுதியில் நிற்பது என்பதைச் சீட்டுச் சொல்லும். ஏனையோர் இடமும் சீட்டாலேயே அமையும். இங்கிலாந்தின் விம்பிள்டன் போட்டியில் தகுதி நோக்கிய இவ்வரிசை முழுமையாக மேற்கொள்ளப்பட்டது 1927ஆம் ஆண்டிலாகும்.

காயலையும் களத்தையும் ஈண்டு ஒப்பிட்டு நோக்குக. சீட்டினால் நேரும் ஏற்றத்தாழ்வைக் காயலில் மீனவர் சுழல்முறையால் சரிசெய்தனர். களத்தில் ஆட்டக்காரர் தகுதி வரிசையால் சரிசெய்தனர். வழிகள் வேறுபட்டமைக்குக் காரணம் உண்டு. களத்தில் தேடப்படுவது யார் சிறந்தவர் என்பது. ஆதலின் சிறந்தவர் இறுதிவரை செல்ல வழிவிடுதல் முறையாகும். காயலில் தேடப்படுவது யாவர்க்கும் உணவு. ஆதலின் வலியவர்க்கு நல்ல இடம் என்னும் வரிசை அங்கே பொருந்தாது. யாவரும் மாறி மாறி நல்ல இடம் பெறுதலே முறையாகும். ஒரே கருவியை எடுத்துக்கொண்டு, தத்தம் நோக்கத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுதல் அறிவுடையோர் செயலாகும்.

சீட்டில் வந்த இடத்தைக் கண்டு மனம் தளர்வதும் உண்டு; செருக்குறுவதும் உண்டு. இரண்டும் பொருளற்றவை என்பதற்கு இராமநாதன் கிருஷ்ணன் வாழ்க்கை சான்றாகும். அவர் 1937ஆம் ஆண்டில் நாகர்கோவிலில் பிறந்தார். தந்தையார் டி. கே. இராமநாதன் தாமே சிறந்த ஆட்டக்காரர். மகனுக்கு ஆசானும் அவரே. கிருஷ்ணனின் தொடக்க அடியில் பெருவிசை இருந்ததில்லை. பந்தை இடமறிந்து மெல்லத் திருப்பி வைக்கும் நுண்மையே அவர் வலிமை. 1953ஆம் ஆண்டில் விம்பிள்டன் சிறுவர் போட்டியின் இறுதியாட்டத்தில் அவர் தோற்றார். 1954ஆம் ஆண்டில் அதே போட்டியில் ஆஷ்லி கூப்பரை வென்று, அப்பட்டத்தைப் பெற்ற முதல் ஆசியர் ஆனார்.

1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் பெரும்போட்டியின் அரையிறுதிக்கு அவர் முன்னேறினார். முதலாண்டில் நீல் பிரேசர் எதிர்ப்பட்டார்; அடுத்த ஆண்டில் ராட் லேவர் எதிர்ப்பட்டார். இருமுறையும் கிருஷ்ணனை வென்றவரே அவ்வாண்டின் பட்டத்தையும் வென்றார். 1962ஆம் ஆண்டில் தகுதி வரிசையில் நான்காம் இடம் அவருக்குக் கிடைத்தது. இவ்வாண்டில் பட்டம் கைகூடும் என்று பலர் எண்ணியிருந்த வேளையில், கணுக்காலில் உற்ற காயத்தால் அவர் போட்டியின் நடுவே விலக நேர்ந்தது. உயர்ந்த இடம் கிடைத்த ஆண்டிலேயே இடையில் நிற்க நேர்ந்ததைக் காண்க. இடம் என்பது வாயிலே. வாயிலில் நிற்பவர் எல்லாரும் வீட்டினுள் சென்றவர் ஆகார்.

உழைப்பு என்னும் பாடு இடத்தையும் கடந்து பயன் தரும் என்பதற்கும் அவர் ஆட்டமே சான்று. 1966ஆம் ஆண்டில் கல்கத்தா நகரில் இந்திய அணியும் பிரேசில் அணியும் டேவிஸ் கோப்பைக்காக மோதின. ஐந்து ஆட்டங்களில் நான்கு முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. ஐந்தாம் ஆட்டத்தில் கிருஷ்ணனை எதிர்த்தவர் தாமஸ் கோக். கிருஷ்ணன் மூன்று செட்களில் இரண்டை இழந்திருந்தார். நான்காம் செட்டிலும் எதிரி ஐந்து கேம், இவர் இரண்டு கேம் என்னும் நிலை வந்தது. இன்னும் ஒரு கேம் போனால் அணியின் தோல்வி முடிந்த முடிவாகும். அந்நிலையில் அவர் தொடர்ந்து ஐந்து கேம்களை வென்று செட்டைக் கைப்பற்றினார். இறுதிச் செட்டையும் ஆறுக்கு இரண்டு என்று வென்றார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றை அடைந்தது. மெல்போர்ன் நகரில் நிகழ்ந்த அச்சுற்றில் ஆஸ்திரேலியா நான்குக்கு ஒன்று என்று வென்றது. இந்தியா பெற்ற அவ்வொரு வெற்றி, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து ஆடிய இரட்டையர் ஆட்டத்தில் கிடைத்ததாகும்.

இதுகாறும் சீட்டு எவ்வாறு போடப்படுகின்றது என்பதைக் கண்டோம். இதனினும் முதன்மையான வினா ஒன்று உண்டு. சீட்டில் யாருடைய பெயர் இருக்கின்றது? குடத்துள் இடப்படாத பெயர் ஒருநாளும் வெளிவராது.

சென்னையில் இலயோலாக் கல்லூரியை 1925ஆம் ஆண்டில் நிறுவிய பாதிரியார் பெர்ட்ரம் பெயரால் கல்லூரி மாணவர்க்கு விளையாட்டுப் போட்டி நடைபெற்று வந்தது. கல்லூரியில் பயில்வோரே அதில் ஆடலாம் என்பது விதி. கிருஷ்ணன் அப்பொழுது பள்ளியில் பயின்ற சிறுவர். விதியை மட்டும் நோக்கினால் அவர் பெயர் பட்டியலில் ஏறாது. ஆயினும் கல்லூரி முதல்வர் சிறப்பு அனுமதி அளித்தார். பதின்மூன்று வயதில் அவ்வனுமதி பெற்ற சிறுவர், தம்மினும் மூத்த கல்லூரி மாணவரை எதிர்த்து ஆடி, 1951ஆம் ஆண்டில் அப்போட்டியை வென்றார். அம்முதல்வர் வெற்றியை அளிக்கவில்லை; ஆட்டத்தில் சலுகையும் காட்டவில்லை. பெயர் பட்டியலில் ஏறுதற்கு மட்டும் இசைந்தார். எஞ்சியதைச் சிறுவரின் மட்டை செய்தது.

பழைய தமிழகத்திலும் இவ்வினா எழுந்ததுண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஊர் வாரியத்துக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்தனர். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் ஏறாது. அண்மையில் பதவி வகித்தவர் பெயரும் ஏறாது. இவை போற்றத்தக்க விதிகள். ஆயினும் நிலம் இல்லாதவர்க்கும் பெண்டிர்க்கும் அக்குடத்தில் இடம் இருந்ததில்லை என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

பழவேற்காட்டுப் பாட்டிலும் இத்தகைய எல்லை உண்டு. மரபாகப் பாட்டு உரிமை பெற்றோர் குறித்த சில ஊர்களின் பட்டினவக் குடியினர். காயலை நம்பி வாழ்வோர் பிறரும் உளர். பழங்குடியினராகிய இருளர், ஆணும் பெண்ணுமாக ஆழமற்ற நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் இட்டுச் செல்வர். அவர்தம் பெயர் அம்மரபுச் சீட்டில் இல்லை. சீட்டுக்குள் இருப்போர்க்கு இத்துணை நேர்மையான முறை, அதற்கு வெளியே நிற்போர்க்கு மூடிய கதவாகத் தோன்றுதல் இயல்பே. முறையைக் காத்துவந்தோரின் உரிமையும், புறத்தே நிற்போரின் பசியும் ஒருங்கே எண்ணப்பட வேண்டியவை. இதற்கு எளிய விடை இல்லை; ஆயினும் வினாவை மறைத்துவிடுதல் அறமாகாது.

உலக அரங்கிலும் இவ்வினா ஒருமுறை இந்திய டென்னிஸ் அணியின் முன் வந்து நின்றது. 1974ஆம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் என்னும் உடன்பிறந்தோர் இடம்பெற்ற அணி, டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றை அடைந்தது. எதிரே வந்தது தென்னாப்பிரிக்கா. அந்நாட்டு அரசு அந்நாளில் தோலின் நிறம் நோக்கி மக்களைப் பிரித்து, வெள்ளையர் அல்லாதார்க்கு உரிமைகளை மறுத்து வந்தது. அவ்வநீதியை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. உலகக் கோப்பை கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோது அதனை விடுத்தல், ஆட்டத்துக்கே வாழ்நாளை அளித்த இளைஞர்க்கு எளிதாக இருந்திராது. ஒரு நாட்டின் மக்களுள் பெரும்பாலோர் பெயரே ஏறாத பட்டியலில், வெற்றி பெற்றும் பயன் என்னை என்னும் எண்ணமே அம்மறுப்பின் பொருளாகும்.

ஆகவே சீட்டு நேர்மையுடையது ஆதற்கு மூன்று வேண்டும். உரிமையும் தகுதியும் உடைய எல்லாருடைய பெயரும் அதில் இருத்தல் வேண்டும். பலர் காண வெளிப்படையாக அது போடப்படுதல் வேண்டும். போட்டபின் வந்ததனை யாவரும் மனம் கோணாது ஏற்றல் வேண்டும். முதலாவது இல்லையேல் அது சிலருடைய ஏற்பாடாகச் சுருங்கும். இரண்டாவது இல்லையேல் சூழ்ச்சியாகும். மூன்றாவது இல்லையேல் மறுநாளே பூசல் எழும்.

இம்மூன்றும் அமைந்தபின், இடம் பற்றிய பேச்சு முடிந்தது, உழைப்பு தொடங்குகின்றது. மாணவர்களே! நுங்கள் பள்ளி அணி பருவத்தின் முதற்போட்டியில் வலிய எதிரியைச் சந்திக்க நேரலாம்; முதற்சுற்றிலேயே தோற்றுத் திரும்பவும் நேரலாம். சீட்டைப் பழித்தலால் பயன் இல்லை. நடுவே வந்த பந்தை யார் அடிப்பது என்பதையேனும் அத்தோல்வியிலிருந்து கற்றுத் திரும்பினால் அது வீண் ஆகாது. எளிய எதிரி வாய்த்து வென்றால், அதனை முழுவதும் நும் திறமை என்று எண்ணி மகிழ்தலும் வேண்டா. அணிக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு என்றேனும் நுமக்கு வாய்க்குமாயின், பட்டியலை மூடுமுன் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். மட்டையின்றிக் களத்தின் ஓரத்தில் நிற்கும் மாணவன் பெயர் அதில் ஏறியிருக்கின்றதா என்று நோக்குங்கள்.

பழவேற்காட்டு மீனவர் சீட்டில் வந்த இடத்தை ஏற்றுக்கொண்டு இரவிலே படகைத் தள்ளுவர். இடம் நல்லதாயினும் எளியதாயினும் கழி ஆழமாகவே ஊன்றப்படும். வலை இறுக்கமாகவே கட்டப்படும். பாடு கிடைத்தது, இனிப் பாடுபடுதலே வேலை.